சோறு இருக்கிறது, உயரம் இல்லை: வடசென்னைக் குழந்தைகளும் வீட்டுக் கணக்கும்

வடசென்னையில் அடுப்பே எரியாத வீடு இன்று அபூர்வம். ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பால்வாடியில் மதியச் சாப்பாடு உண்டு, பள்ளிக்கூடத்தில் இப்போது காலையிலும் உண்டு. இவ்வளவும் இருக்க, வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு பால்வாடிக்குள் போய்ப் பாருங்கள். மூன்று வயது முடிந்தது என்று சொல்லி இரண்டு வயதுப் பிள்ளை அளவில் ஒன்றிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும். முகத்தில் வாட்டம் இருக்காது. ஓடும், கத்தும், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். உயரம் மட்டும் வந்திருக்காது.

மெலிவு என்பது வேறு, இது வேறு. காய்ச்சலும் பேதியும் வந்து பத்து நாளில் எலும்பும் தோலுமாகப் போவது மெலிவு. அது எல்லார் கண்ணுக்கும் தெரியும், கவனித்தால் எடை திரும்பியும் வரும். வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் போவதோ மாதக்கணக்கில் மெதுவாகச் சேருவது. தெருவில் பாதிப் பிள்ளைகள் அதே உயரத்தில் இருந்தால் யாருக்கும் வித்தியாசமாகவே படாது.

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகோலின்படி இரண்டு வயது முடிந்த ஆண் குழந்தை நின்றால் சுமார் 87 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 81-க்குக் கீழே போனால் வளர்ச்சிக் குறைபாடு என்று கணக்கு. பெண் குழந்தைக்கு 85.7, கீழ் எல்லை 79.3. உடனே ஒரு பதில் வரும்: "அவங்கப்பனே குட்டைதானே, புள்ள எங்க நெடுநெடுன்னு வளரும்?" இதே சந்தேகம் நிபுணர்களுக்கும் இருந்தது. அதனால்தான் அந்த அளவுகோலுக்கு அமெரிக்கா, நார்வேயோடு பிரேசில், கானா, ஓமன், நம் நாட்டிலிருந்து தெற்கு டெல்லி என்று ஆறு இடங்களில் குழந்தைகளை அளந்தார்கள். தாய்ப்பாலும் சுத்தமான வீடும் போதிய சாப்பாடும் கிடைத்த குழந்தைகள் ஐந்து வயது வரை எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். ஆக, தனி ஒரு பிள்ளை அப்பாவைப் போல் குட்டையாக இருக்கலாம். ஒரு தெருவே குட்டையாக இருந்தால் அதற்குப் பரம்பரை மேல் பழி போட முடியாது.

எண்ணிக்கைக்கு வருவோம். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் உயரம் குறைந்தவர்கள் இந்திய அளவில் 35.5 சதவீதம், தமிழ்நாட்டில் 25 சதவீதம். தேசிய சராசரியை விட நாம் மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆய்வில் தமிழ்நாட்டின் எண் 27.1. இடைப்பட்ட வருடங்களில் இறங்கியது இரண்டு புள்ளிதான். அதே இடைவெளியில் மெலிவு 19.7-லிருந்து 14.6-க்கு இறங்கிவிட்டது. தட்டில் சோறு விழுந்ததும் எடை கேட்கிறது, உயரம் கேட்கவில்லை. இந்த இடைவெளிதான் வடசென்னையைப் புரிந்துகொள்ள எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. நாட்டின் குடும்பங்களை வசதிப்படி ஐந்து படியாகப் பிரித்தால், அடிப்படியில் 46 சதவீதக் குழந்தைகளுக்கு உயரக் குறைவு, மேல்படியில் 23 சதவீதம். சரிபாதி. வறுமைக்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்புக்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம். அதே சமயம், மேல்படியிலும் நான்கில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் குட்டை என்றால், காசு மட்டும் வேலை செய்யவில்லை என்றும் ஆகிறது. காசு எந்த வழியாகப் பிள்ளையின் எலும்புக்குப் போகிறது, எங்கே வழியில் நின்றுவிடுகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் காலம். பிறக்கும்போது 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை ஒரு வயதில் 75-ஐத் தாண்டுகிறது, இரண்டு வயதில் 87. இவ்வளவு வேகம் பிறகு வாழ்நாளில் எப்போதும் கிடையாது. கருவில் இருக்கும் நாளையும் சேர்த்துத்தான் "முதல் ஆயிரம் நாள்" என்கிறார்கள். இதற்குள் விட்டதை அப்புறம் பிடிப்பது கடினம். முழுக்க முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதே வீட்டில் அதே சாப்பாட்டில் வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் நடப்பதில்லை. அந்த ஆயிரத்திலும் ஆபத்தான பகுதி ஆறாவது மாதத்திலிருந்து இரண்டு வயது வரை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் போதும். ஆறு மாதத்துக்குப் பிறகு, குறிப்பாக இரும்புச்சத்துக்கு, அது மட்டும் போதாது. குழந்தையின் வயிறோ சின்னது: எட்டுக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு டம்ளருக்கு மேல் கொள்ளாது. அந்த டம்ளரில் என்ன போகிறது என்பதுதான் கேள்வி. ரசம் விட்டுக் கரைத்த குழைந்த சோறு போனால் வயிறு நிறைந்துவிடும், பிள்ளை தூங்கிவிடும், உயரத்துக்கு வேண்டிய புரதமும் துத்தநாகமும் இரும்பும் போயிருக்காது. இலவச அரிசி நிரப்பியது வயிற்றை. முட்டை, மீன், பால், பருப்பு, கீரையைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

அந்தக் காசு எப்படி வருகிறது? வடசென்னையில் பிரச்சினை வருமானத்தின் அளவைவிட அது வரும் தினுசில் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு இரண்டு வீடு எடுத்துக்கொள்வோம். ஒருவர் கம்பெனி வாட்ச்மேன், மாதம் 14,000 சம்பளம். இன்னொருவர் பெயின்டர், நாள் கூலி 800, மாதத்தில் 18 நாள் வேலை, கூட்டினால் 14,400. காகிதத்தில் இரண்டாவது வீடு ஒரு பிடி மேல். ஆனால் வாட்ச்மேன் வீட்டில் முதல் வாரமே வாடகை கட்டி, மளிகை வாங்கி, பால்காரரிடம் மாதக் கணக்கு வைத்துவிட முடியும். பெயின்டர் வீட்டில் பத்து ரூபாய் எண்ணெய், அஞ்சு ரூபாய் புளி, காலையில் அண்ணாச்சி கடையில் கடன் சொல்லி ரெண்டு முட்டை. மழை வந்து நான்கு நாள் வேலை நின்றால் முதலில் நிற்பது முட்டை; அரிசி நிற்காது, அது ரேஷனில் இருக்கிறது. வாடகை நிற்காது, வீட்டுக்காரர் விடமாட்டார். தண்டல் நிற்கவே நிற்காது.

தண்டல் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 10,000 ரூபாய் கடன் என்று பேசி, கையில் 9,000 கொடுப்பார்கள், சில இடத்தில் 8,500. தினம் 100 வீதம் நூறு நாளில் கட்டி முடிக்க வேண்டும். சாயங்காலம் பைக்கில் ஆள் வந்து சின்ன நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிப் போவார். காதுகுத்து, பள்ளி ஃபீஸ், வீட்டு அட்வான்ஸ், பிரசவச் செலவு என்று எதற்காகவாவது ஒரு தண்டல் ஓடிக்கொண்டே இருக்கும். மகளிர் குழுக் கடன் இருந்தால் அதற்கு வாரத் தவணை தனி. அந்த 100 ரூபாயில் அரை லிட்டர் பால், இரண்டு முட்டை, ஒரு கட்டுக் கீரை, கொஞ்சம் பருப்பு வாங்கினாலும் மிச்சம் இருக்கும். கடன் வாங்கியது பெரும்பாலும் பிள்ளைக்காகவே இருக்கும். கட்டுவதும் பிள்ளையின் கிண்ணத்திலிருந்துதான் போகிறது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இதற்கு ஒரு நாட்காட்டியே உண்டு. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் பெருக அது தேவைதான். அரசு நிவாரணம் தருகிறது. ஆனால் படகில் போகிறவர் மட்டுமா அந்தத் துறைமுகத்தில் பிழைக்கிறார்? ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், வலை பின்னுபவர், மீன் வெட்டிக் கொடுப்பவர், இறால் உரிக்கும் பெண்கள், கூடையில் எடுத்துத் தெருத் தெருவாக விற்பவர்கள் என்று எல்லார் கையிலும் அந்த இரண்டு மாதம் காசு குறையும். அக்டோபர் நடுவில் பிறந்த குழந்தைக்கு, தடை தொடங்கும் நாளில் ஆறு மாதம் முடிகிறது. தடை முடியும் நாளில் எட்டு மாதம். கெட்டியான சாப்பாடு தொடங்க வேண்டிய சரியான இரண்டு மாதம் அது. வருடக் கணக்கில் பார்த்தால் அந்தக் குடும்பத்தின் வருமானம் மோசமில்லை என்று வரலாம். குழந்தை வருடக் கணக்கில் சாப்பிடுவதில்லை.

இத்தனைக்கும் சத்துக்கு வழியில்லாத ஊரா என்றால் இல்லை. காரப்பொடி, நெத்திலி, மத்தி என்று சின்ன மீன்கள் மலிவாகக் கரை இறங்கும் இடம் இது. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், கிடைக்கும். ரத்தம் குறைந்தவர்களுக்கு அதைச் சுட்டுக் கொடுப்பது பழைய வழக்கம், அதில் இரும்பு நிறைய இருக்கிறது என்பதும் உண்மை. மாட்டுக்கறி ஆட்டுக்கறியைவிட எவ்வளவோ மலிவு. (பாதாம், பன்னீர், ஆப்பிள் என்று படம் போட்டு ஒட்டியிருக்கும் ஊட்டச்சத்துச் சுவரொட்டிகளைப் பார்க்கும்போது, எழுதியவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லையோ என்று தோன்றும்.) வீட்டுக்கு வந்தும் இவை எட்டு மாதக் குழந்தையின் வாய்க்குப் போவதில்லை. பால்வாடியில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது (இதில் ஆயா என்பது வீட்டுப் பாட்டி, மாந்தம் என்பது செரிமானக் கோளாறு):

"யம்மா, புள்ளைக்கு முட்டை குடுக்கிறியா?"

"இல்ல டீச்சர். மாந்தம் வந்துடும்னு ஆயா வேணாங்குது."

மீன் கொடுத்தால் கரப்பான் என்ற தோல் நோய் வரும், முள் சிக்கும், முட்டை செரிக்காது. இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது, நியாயமில்லை. ஒரு தடவை பேதியானால் ஆட்டோ, மருந்து, ஒரு நாள் கூலி இழப்பு என்று ஐந்நூறு ரூபாய் போய்விடும் வீட்டில், கெடுதி வராது என்று நிச்சயமாகத் தெரிந்த ரசஞ்சோறுதான் பாதுகாப்பு. ஆயாவின் எச்சரிக்கைக்குள் ஒரு செலவுக் கணக்கும் இருக்கிறது.

அப்புறம், ஊட்டுவது யார்? காசைப் பற்றிப் பேசும் அளவுக்கு நேரத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஆறேழு மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை தனியாகச் சமைத்து, மசித்து, துப்பத் துப்ப ஊட்ட வேண்டும். ஒரு வேளைக்கு அரை மணி ஆகும். ஒரு வயதை நெருங்கும்போது இது நான்கு தடவையாகிறது. அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர் என்றால் விடியற்காலையில் கிளம்பி, மூன்று வீடு முடித்து, பாத்திரம் துணி எல்லாம் பார்த்துவிட்டு இரண்டு மூன்று மணிக்குத்தான் வருவார். காசிமேட்டில் மீன் எடுக்கப் போகிறவருக்கு நடு இரவிலேயே பொழுது விடிந்துவிடும். குழந்தை ஆயாவிடம், அல்லது எட்டு வயது அக்காவிடம். புட்டிப் பாலில் பாதி தண்ணீர். அழுதால் டீயில் தொட்ட பொறை ரொட்டி. இன்னும் அழுதால் கடையில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டில் ஒன்று, ஐந்து ரூபாய் அல்லது பத்து ரூபாய். உப்பும் எண்ணெயும் ருசிக்கும், பிள்ளை கேட்டுக் கேட்டு வாங்கும், அடுத்த வேளை சோறு இறங்காது. ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் என்றால் மாதம் 300-லிருந்து 600 ரூபாய். இரண்டு மூன்று முட்டை விலை ஒரு நாளில் பாக்கெட்டுக்குப் போகிறது என்று கணக்குப் போட்டு அம்மாவைத் திட்டுவதில் பயனில்லை. பாக்கெட்டைப் பிரிக்க யாரும் வேண்டாம். முட்டையை வேக வைத்து மசித்து ஊட்ட ஒரு ஆள் வேண்டும்.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று அறிவுரை சொல்லும் அரசு, தன் ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம் பேறுகால விடுப்பு தருகிறது. நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு 2017 சட்டத் திருத்தப்படி 26 வாரம். அதே அறிவுரையைக் கேட்டுக்கொள்ளும் வீட்டுவேலைப் பெண்ணுக்கு விடுப்பு என்று ஒன்று கிடையாது. மூன்றாம் மாதம் போகாவிட்டால் அந்த வீட்டில் வேறு ஆள் வந்துவிடும். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பு உதவி உண்டு, அதில் 14,000 ரொக்கம். தவணையாக வருகிறது. நல்ல திட்டம். ஆனால் கையில் வரும்போது பாதி ஏற்கனவே செலவாகி, தண்டல்காரர் நோட்டில் ஏறியிருக்கும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய்க்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: அது அம்மாவின் கணக்கில் நேராக விழுகிறது. வீட்டு ஆளின் கூலி டாஸ்மாக் கடையைக் கடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும். சில நாள் வரும், சில நாள் பாதி வரும். அம்மா கையில் விழும் காசு பிள்ளைக்குச் செலவாகும் வாய்ப்பு அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகள் சொல்வது. வடசென்னைப் பெண்களுக்கு அது ஆய்வில்லாமலே தெரியும்.

சாப்பாடு உள்ளே போனாலும் உடம்பில் ஒட்ட வேண்டுமே. பக்கிங்ஹாம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத் தெருக்களில் குடிதண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. எங்காவது ஒன்று உடைந்தால் அடி பம்பில் வரும் தண்ணீர் நாற்றமடிக்கும். லாரித் தண்ணீரைப் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்து இரண்டு மூன்று நாள் வைத்துக் குடிப்பார்கள். மழைக்காலத்தில் சாக்கடை வாசற்படி ஏறும். இந்தச் சூழலில் தவழும் குழந்தை வாயில் வைக்காத பொருள் இல்லை. இரண்டு வயதுக்குள் ஐந்து தடவையோ அதற்கு மேலோ பேதி கண்ட குழந்தைகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்டுப் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், உயரக் குறைவில் நான்கில் ஒரு பங்கு அந்தப் பேதியோடு தொடர்புடையது என்று வந்தது. பேதியே வராத குழந்தைக்கும் குடலில் கிருமி குடியிருந்து, சத்தை உறிஞ்சும் உள்சுவரைக் கெடுக்கிறது என்பது பிறகு தெரிந்தது. இதைக் காட்டிய எட்டு நாட்டு ஆய்வில் நம் வேலூரின் நகர்ப்புறக் குடிசைப் பகுதியும் ஒன்று.

இதைக் கேட்டதும் கழிப்பறை கட்டிக் கை கழுவச் சொல்லிக் கொடுத்தால் உயரம் வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்றிலும் பெரிய அளவில் அதைச் செய்து பார்த்தார்கள். உயரத்தில் அதனால் மட்டும் மாற்றம் தெரியவில்லை. சுத்தம் வீண் என்று அர்த்தமில்லை. வீட்டுக்குள் ஒரு சோப்பு வைப்பது போதாது, தெருவுக்கே நல்ல குழாயும் சாக்கடையும் வேண்டும் என்பதே நான் அதில் படிக்கும் பாடம். குடும்ப வருமானத்தால் வாங்க முடியாத பொருள் அது. 14,000 சம்பாதித்தாலும் 24,000 சம்பாதித்தாலும் அந்தத் தெருவில் அதே தண்ணீர்தான்.

அம்மாவின் உடம்பும் ஒரு வருமானக் கணக்குதான், ஒரு தலைமுறை பழையது. சின்ன வயதில் வளராமல் போன பெண்ணுக்கு, சீக்கிரமே கல்யாணமாகி, ரத்தசோகையோடு கருத்தரித்து, இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகக் குழந்தை பிறந்தால் அந்தக் குழந்தை ஓட்டத்தையே பின்னாலிருந்து தொடங்குகிறது. பெரம்பூரில் பின்னி மில் 1996-ல் மூடியபோது வேலை இழந்த வீடுகளில் அன்று கைக்குழந்தையாக இருந்த பெண்கள் இன்று முப்பதைத் தொட்டுத் தாயாகியிருப்பார்கள். அன்றைய கஷ்டத்தில் ஒரு பங்கு இன்றைய பிரசவ வார்டு வரை வந்து சேர்வது உடலியல்படி நடக்கக்கூடியதே. எதிர்த்திசையிலும் கணக்கு உண்டு. குவாத்தமாலாவில் 1969-லிருந்து 1977 வரை சில கிராமங்களில் சிறு குழந்தைகளுக்குப் புரதக் கஞ்சி கொடுத்தார்கள். இரண்டு வயதுக்குள் அதைக் குடித்த ஆண்கள் வளர்ந்து வேலைக்குப் போனபோது அவர்களின் மணிக்கூலி மற்றவர்களைவிட 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. உயரம் என்பது வெறும் அழகு விஷயமில்லை; மூளையும் அதே நாட்களில்தான் வளர்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்த விவரம் புதிதல்ல. 1980-ல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் குறி வைத்ததே ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரைதான். மாதா மாதம் எடை பார்த்து, வளர்ச்சி தடுமாறும் குழந்தைக்கு மட்டும் மூன்று மாதம் கூடுதல் உணவு. கிராமங்களோடு நின்றது, சென்னைக்கு வரவில்லை. இரண்டே வருடத்தில், 1982 ஜூலையில், எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது; இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வரிசையில் உட்கார வைத்துச் சுடச்சுடச் சாப்பாடு. அது படிப்பையும் பசியையும் என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும், அதன் பெருமையில் ஒரு பருக்கையும் குறைக்க நான் வரவில்லை. ஆனால் சமைத்த சாப்பாடு, வாரம் மூன்று முட்டை எல்லாம் இன்றும் இரண்டு வயதில்தான் தொடங்குகின்றன. அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் சத்துமாவு பாக்கெட் வீட்டுக்குப் போகிறது. வீட்டில் அது கஞ்சியாகி, மூன்று பிள்ளைகளுக்கும் பெரியவருக்கும் பங்காகிறது. பசியோடு இருக்கும் மூத்த பிள்ளைக்கு இல்லை என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். 2022-ல் வந்த 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் கைக்குழந்தைகளையும் தேடிப் பிடித்து அளந்து, மிக மோசமானவர்களுக்குத் தனி உணவு கொடுக்கிறார்கள். சரியான திசை. ஆனால் அதன் முதல் கவனம் மெலிவு மேல், உயரத்தின் மேல் அல்ல. உயரம் அளப்பதே பால்வாடியில் பெரும்பாடு. இரண்டு வயதுக்குள் குழந்தையைப் பலகையில் படுக்க வைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை அழுத்தி நீட்ட வேண்டும். பிள்ளை வீறிட்டு உதறும். ஒரு சென்டிமீட்டர் தவறினால் குறியீடே மாறிவிடும்.

மிஞ்சுவது, அம்மா வேலைக்குப் போயிருக்கும் அந்த ஏழெட்டு மணி நேரம். 1996 கட்டடத் தொழிலாளர் சட்டத்தில் ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று இருந்தது. 2017 திருத்தம் ஐம்பது பேர் உள்ள நிறுவனத்தில் காப்பகம் கேட்டது. வடசென்னைப் பெண் வேலை செய்யும் இடத்தில் அவர் ஒருவர்தான்: ஒரு வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு மீன் கூடைக்கு ஒரு ஆள். ஐம்பது பேரை வேலையிடத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். குடியிருப்பில் தேடினால் ஒரே பிளாக்கில் கிடைப்பார்கள். அந்த பிளாக்கின் கீழ்த்தளத்துப் பால்வாடியே விடியற்காலையில் திறந்து, ஆறு மாதக் குழந்தையையும் வாங்கிக்கொண்டு, முட்டையை மசித்து ஊட்ட இன்னொரு ஆயாவையும் வைத்துக்கொண்டால், தண்டலும் கூலியும் மாறாமலேயே ஒரு வேளை கிண்ணம் மாறும். இப்போது அது திறப்பதற்குள் அம்மா இரண்டாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.